மாவு கலக்காத சோடா

எனக்குக் கசப்புச் சோடாதான் பிடிக்கும். இத்தாலிக்காரர்கள் ஒரு குட்டி ஆரஞ்சில் செய்கிறார்கள், கறுப்பாக இருக்கும். முதல் வாய் முகத்தைச் சுளிக்க வைக்கும், மூன்றாவது வாய்க்குப் பிறகு பாட்டிலைக் கீழே வைக்க மனசு வராது. ஹாலந்துக்காரர்களின் உப்புப் போட்ட கறுப்பு மிட்டாயும் அப்படித்தான். ஸ்டேஷனுக்குள் வந்ததுமே டீ வேண்டுமா என்று கேட்டீர்களே மேடம், ரொம்ப நன்றி. எனக்கு வேண்டாம். ஆனால் கேட்டீர்கள் பாருங்கள், அதுவே பெரிய விஷயம். நான் வேலை பார்த்த இடத்தில் உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

அது பக்கவாதம் வந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம். நான் அங்கே ஆயா. குளிப்பாட்டுவேன், துணி மாற்றுவேன், ஊட்டுவேன். எனக்குப் பிள்ளையும் இல்லை, குட்டியும் இல்லை. எனக்கென்று இருந்த ஒரே ஊதாரித்தனம், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் வெளிநாட்டுச் சாமான் கடை. சம்பளம் வாங்கியதும் அங்கே போய்ப் புதிதாக ஒரு சோடா, ஒரு மிட்டாய்ப் பொட்டலம் வாங்குவேன். பெரு நாட்டு மஞ்சள் சோடா பபுள்கம் போல மணக்கும். துருக்கி ரோஜா மிட்டாயை வாயில் போட்டால் சோப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். இதையெல்லாம் இல்லத்தில் வந்து சொல்வேன். பாவம், அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். அதனால் எனக்கு ‘சோடாக்கா’ என்று பெயர்.

அங்கே ஒரு மாவு உண்டு. பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்கும்போது மூச்சுக்குழாய் சரியாக மூடாது. தண்ணீர் மாதிரி ஓடுகிற எதைக் குடித்தாலும் நுரையீரலுக்குள் இறங்கிவிடும், காய்ச்சல் வரும், ஆள் போய்விடுவார். அதனால் தண்ணீர், டீ, ரசம், எதுவாக இருந்தாலும் அந்த மாவைக் கலந்து கூழாக்கித்தான் ஊட்டவேண்டும். ஆயாக்களுக்கு முதல் நாள் சொல்லித்தரும் முதல் பாடம் அது. எனக்கும் சொல்லித்தந்தார்கள். தெரியாமல் செய்தேன் என்று சொல்லி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நான் வரவில்லை.

முதலில் கப்பல்காரர். ஆயுசு முழுக்கக் கப்பலில் சமையல் செய்தவர். எந்தத் துறைமுகத்தில் எந்தச் சோடா என்று அவருக்கு அத்துப்படி. நாங்கள் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் நர்ஸம்மா வந்து அதட்டினால்தான் நிறுத்துவோம்.

"சோடாக்கா, இது என்ன, போஸ்டர் ஒட்டுற பசையா? நாக்கு செத்துப் போச்சுக்கா. ஒரே ஒரு வாய், நுரையோட குடு. அதுக்கப்புறம் எமன் வந்தாலும் சரி, அவனுக்கும் ஒரு கிளாஸ் ஊத்து."

அவருக்குப் பிரேசில் சோடா ஒன்றின் மேல் ஆசை. அங்கே காட்டில் விளையும் சிவப்புப் பழத்தில் செய்வது. மாவு போட்டுப் பார்த்தேன். பொங்கி வழிந்தது, பிறகு கோந்தாகிவிட்டது. நுரை போன சோடாவை யார் குடிப்பார்கள்? அதைக் கொட்டிவிட்டு வெறும் சோடாவையே கொடுத்தேன். இருமினார், சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது. நான்தான் துடைத்துவிட்டேன். அந்த வாரமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். வயசாச்சு என்றார் டாக்டர். வயசு ஆகியிருந்தது உண்மைதான்.

நான் அழுதேன் மேடம். அதை எழுதிக்கொள்ளுங்கள். காய்ச்சல் நாட்களில் அவர் என் கையை விடவே இல்லை. நர்ஸம்மா கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார், என்னைத்தான் தேடுவார். அதுவரைக்கும் என்னை யாரும் அப்படித் தேடியதில்லை.

அடுத்தது பூகோள டீச்சர். பார்க்க யாரும் வரமாட்டார்கள். "ஜப்பானைக் கண்ணை மூடிட்டே போர்டுல வரைவேன், சோடாக்கா. ஆனா அந்த ஊரு தண்ணி ஒரு வாய் குடிச்சதில்லை" என்பார். பாட்டில் கழுத்தில் கோலிக்குண்டு வைத்த ஜப்பான் சோடாவைத் தேடி வாங்கினேன். குண்டு உருளும் சத்தத்தைக் கேட்டுச் சின்னப் பிள்ளை போலச் சிரித்தார். குடுங்க குடுங்க என்று அவரேதான் கேட்டார். என்ன ஆகும் என்று இந்தத் தடவை எனக்குத் தெரியும். ஆறிலும் சாவு, நூறிலும் சாவு. நடுவில் ஒரு வாய் நல்ல சோடா குடித்துவிட்டுப் போகட்டுமே. அவரும் கடைசி வரை என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா என்றுகூட ஒரு தடவை கூப்பிட்டார். காய்ச்சலில் கூப்பிட்டதுதான். இருந்தாலும் என்னைப் பார்த்துத்தானே கூப்பிட்டார்.

இப்போது தையல்காரம்மா விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் என்னைக் கூப்பிட்டதே அவரைப் பற்றிக் கேட்கத்தானே.

அவர் தங்கமான மனுஷி. வலது கை விழுந்துவிட்டது, ஆனாலும் இடது கையால் தடவித் தடவியே என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பார். "எனக்கு ரெண்டாவது மக நீதான்டி" என்பார். முதல் மகள் பனி பெய்யும் ஒரு நாட்டில் இருந்தாள். மாதத்தில் ஒரு நாள் போன் பண்ணுவாள், அவ்வளவுதான். குளிப்பாட்டியது நான், தலைவாரியது நான். முதுகில் புண் வராமல் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்ததும் நான்தான். நல்லதுக்குக் காலமில்லை.

ஒரு நாள் போன் வந்தது. மகள் வீடு மாற்றிவிட்டாளாம், கீழ்த்தளமாம், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக அடுத்த வாரம் வருகிறாளாம். தையல்காரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தொண்டைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண்ணும், "நல்லாத் தேறிட்டு வர்றீங்கம்மா, இன்னும் கொஞ்ச நாள்ல சாதாரணத் தண்ணியே குடிக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை, பசி இல்லை.

"அங்க ஒரு ஆரஞ்சு கலர் சோடா இருக்காம்டி, துரு பிடிச்ச மாதிரி கலராம். அந்த ஊருக்காரங்களுக்கு அதுன்னா உசுராம். நான் போய் இறங்கினதும் வாங்கித் தர்றேன்னா" என்று அவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மகள் சின்ன வயசில் மிட்டாயை விட்டால் வேறு எதுவும் சாப்பிடாத பெண்ணாம், பல்லெல்லாம் சொத்தையாம். அன்று முழுக்க இந்தப் பேச்சுத்தான். "நீயும் ஒரு நாள் அங்க வந்துட்டுப் போ" என்றார். விருந்தாளியாக.

அந்தச் சோடா எங்கள் கடையிலேயே இருந்தது. அதற்காக யாரும் விமானம் ஏறவேண்டியதில்லை. வாங்கி வந்தேன். மகள் வருவதற்கு முந்தைய நாள், மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு. மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் பக்கம் நாற்காலியில் அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, கழுத்தில் துண்டைக் கட்டினேன். மகள் ஊர்ச் சோடா என்று சொல்லிக் கோப்பையில் ஊற்றியதும் முகர்ந்து பார்த்தார்.

"அடிப்பாவி, எங்கடி புடிச்ச?"

"உங்க மக வாங்கித் தர்றதுக்கு முன்னாடி நான் வாங்கித் தரணும்னு ஆசைம்மா."

"சரி சரி. மாவு போட்டுக் குடு. வாயைக் கட்டி வயித்தைக் கட்டி இவ்வளவு தூரம் வந்துட்டேன். அவ வர்ற நேரத்துல படுத்துறக் கூடாது பாரு."

"போட்டாச்சும்மா."

அவருக்குக் கண்ணில் புரை, கோப்பைக்குள் இருப்பது தெரியாது. வாயைத் திறந்தார். முதல் மடக்கிலேயே கண்டுபிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். தைத்துப் பழகிய கை, நல்ல பிடி. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். பிடித்திருக்கிறது போல என்று எடுத்துக்கொண்டேன். கோப்பை காலியாகும் வரை நான் அவசரப்படவே இல்லை.

மகள் வந்தபோது காய்ச்சல் ஏறியிருந்தது. அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். தையல்காரம்மா தன் கையை என்னிடமிருந்து இழுத்து இழுத்து அவள் பக்கம் கொண்டுபோனார். நான் மறுபடியும் எடுத்து வைத்துக்கொள்வேன், மறுபடியும் இழுப்பார். பேச முடியவில்லை, ஆனால் கண் திறந்திருந்தது. அந்தக் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை மேடம். அந்தப் பார்வைக்கு நான் என்ன தப்புச் செய்தேன்? மூன்றாம் நாள் விடியும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

பிறகு நர்ஸம்மா நாற்காலிக்கு அடியில் உருண்டு கிடந்த பாட்டிலைப் பார்த்துவிட்டுக் கேட்டார். நான் மறைக்கவில்லை. மூன்று பேரைப் பற்றியும் நானே சொன்னேன். ஆசைப்பட்டதைக் கொடுத்தேன், அவ்வளவுதான். யாரையும் நான் ஏமாற்றியதில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லை.

ஒன்றே ஒன்று தவிர. நர்ஸம்மா பாட்டிலைப் பார்ப்பதற்கு முன்னால், அம்மாவின் பெட்டியைக் கட்டும்போது அந்த மகள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அக்கா, எங்கம்மா கடைசியா உங்ககிட்ட என்ன கேட்டாங்க?" என்று அழுதாள். சோடா கேட்டாங்க என்று சொல்லிவிட்டேன். அவர் சோடா கேட்கவில்லை. மாவுதான் கேட்டார்.