எமில் கை தூக்கினாரு

அட, அந்த நாற்காலிய ஏன் தம்பி நகத்தின? நடுரோட்டுல அனாதையாக் கெடக்குன்னு நெனச்சியா? அதப் போட்டு எதிர்வீட்டு ஹெலன் தன் வண்டிக்கு எடம் புடிச்சு வச்சிருக்கா. எங்க தெருவுல நாற்காலி நின்னா அங்க வண்டி நிக்குதுன்னு அர்த்தம். என்னது, ஜன்னல்லேருந்து ஒருத்தரு கை காட்டினாரா, அதான் எடுத்தியா? சரி, அத அப்புறம் பேசுவோம். உள்ள வா, அவ வர்றதுக்குள்ள கேக்கறதக் கேட்டுட்டு ஓடிடு. கொலம்பஸ்லேருந்தா வர்ற? பாத்தாலே தெரியுது. கோவிச்சுக்காத.

உக்காரு. இந்த வால்நட் ரொட்டி ஒரு துண்டு எடு. டூட்டியில சாப்பிடக் கூடாதா? இன்சூரன்ஸ்காரனுக்கு ரொட்டி குடுத்து மயக்கிட்டேன்னு என்ன யாரும் புடிச்சுட்டுப் போக மாட்டாங்க. எடு. ம், அப்படி.

ஆமா, ஓட்டினது நான்தான், பெர்னடெட் ஹ்ருஷ்கா. பக்கத்து சீட்டுல எங்க வீட்டுக்காரரு எமில். எதுத்தாப்புல ஒரு பள்ளிக்கூட வேன், டெரன்ஸ்னு ஒரு புள்ள ஓட்டிட்டு வந்தான். நல்லவேளை, கொழந்தைங்க யாரும் இல்ல. செவப்பு வெளக்குல அவன் அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம். நாங்க நேரா போகணும், அவன் எங்க முன்னாடி குறுக்க வெட்டி இடப்பக்கம் திரும்பணும். பச்சை விழுந்துச்சு. அவனும் திரும்பினான், நானும் கெளம்பினேன். டமார்.

இதுல கேக்கவே ஒண்ணும் இல்லையா? திரும்பறவந்தான் நேரா வர்றவங்களுக்கு வழி விடணுமா, தப்பு முழுக்க அவன் மேலதானா? அதுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷமா மூஞ்சிய வச்சிருக்க? நான் எந்திரிச்சு ஆடுவேன்னு பாத்தியாக்கும்.

தம்பி, உங்க ஊர்ல எப்படியோ, பிட்ஸ்பர்க்ல பச்சை விழுந்தா மொதல்ல போறவன் இடப்பக்கம் திரும்பறவன். எதுத்தாப்புல நிக்கறவங்க ஒரு நிமிசம் பொறுத்து, கை காட்டி அவன அனுப்பிட்டுத்தான் நகருவோம். ரோடெல்லாம் ஒடுக்கம். அவன் நடுவுல மாட்டிக்கிட்டா பின்னாடி மலை ஏற்றம் வரைக்கும் எல்லாரும் நிக்கணும். சட்டத்துல இல்லதான். நாற்காலி மட்டும் சட்டத்துல இருக்கா? போய் ஹெலன்கிட்ட கேட்டுப் பாரேன்.

டெரன்ஸ் உன்கிட்ட என்ன சொன்னான்? அந்தப் பெரியவரு கை காட்டினாரு, அதான் திரும்பினேன்னு சொன்னானா? நீ நம்பல. கத கட்டறான்னு நெனச்ச. அவன் மேல தப்புன்னு நீ முடிச்சா நாளைக்கு வேன் சாவிய வாங்கிக்குவாங்க. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க அவனுக்கு. ஃபோன்லயே முடிச்சுக்கறேன்னு நீ சொன்னப்ப, நேர்ல வந்தாத்தான் பேசுவேன்னு அடம் புடிச்சது அதுக்குத்தான். பாவம் பாத்துப் பேசல, அவன் சொன்னது நெசம். எமில் கை தூக்கினாரு. அந்த ரெக்கார்டர இன்னும் கிட்ட வை, நல்லாப் பதியட்டும்.

அப்ப நீங்க ஏன் போனீங்கன்னு கேக்கற. பரவால்லையே, கொலம்பஸ்லயும் மூளை விக்கிது.

கல்யாணம் ஆனதுலேருந்து எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு. ஸ்டியரிங் எனக்கு, நாட்டாமை அவருக்கு. எதுத்த வண்டி திரும்புதா நேரா வருதான்னு அவருதான் பாப்பாரு. கையத் தூக்கி, போகட்டும் பெர்னின்னு ஒரு சத்தம் குடுப்பாரு. ஊரையே அவருதான் வழியனுப்பி வைக்கற மாதிரி ஒரு தோரண! நான் வெளக்கத்தான் பாப்பேன். சத்தம் கேட்டா நிப்பேன், கேக்கலேன்னா போவேன்.

அன்னைக்குக் காலை வெயில் கண்ணுல குத்துது. அவரு கை மேல போனது ஓரக்கண்ணுல பட்டுச்சு. வெயில மறைக்கறாருன்னு விட்டுட்டேன். சத்தம் வரல. அழுத்திட்டேன்.

டெரன்ஸ் ஓடி வந்து, பெரியவரு கை காட்டினாரேம்மான்னு அழறான். எனக்கு வந்துச்சே கோவம்! ஏன்யா, கை காட்டத் தெரிஞ்ச மனுசனுக்கு வாயத் தொறந்து சொல்லத் தெரியாதான்னு எமில் பக்கம் திரும்பிக் கத்தறேன். வாய் ஒரு பக்கமா கோணிக் கெடக்குது தம்பி. பேச்சு போயிடுச்சு. அவரு யாருக்கும் வழி விடல. என்னக் கூப்பிட்டிருக்காரு.

இல்ல, பரவால்ல, நீ ரொட்டியச் சாப்பிடு. டெரன்ஸ்தான் ஆம்புலன்ஸக் கூப்பிட்டான், மோதினதுக்காக. அது எமிலுக்கு ஒதவுச்சு. மோதலேன்னா, மனுசன் தூங்கறாருன்னு விட்டுட்டு நான் பாட்டுக்குக் கடைக்குப் போயிருப்பேன். அந்தப் புள்ளைய நான் எப்படிக் குத்தம் சொல்லுவேன், சொல்லு.

எமிலா? முன் ரூம்லதான் இருக்காரு, ஜன்னலோரம். ஒரு கை நல்லா வருது, பேச்சுதான் இன்னும் வரல. நீ வந்தப்ப கை காட்டினது அவருதான். ஹெலன் நாற்காலியத் தொடாதடான்னு தடுத்திருக்காரு. நீ என்னடான்னா, வண்டிய நிறுத்தச் சொன்னாருன்னு எடுத்துக்கிட்ட.

அதோ, ஹெலன் வந்துட்டா, ஹாரன் அடிக்கறா பாரு. போ தம்பி, தப்பு யாரு மேலன்னு அவகிட்ட நீயே சொல்லு.