மேற்குப் பக்கத்து உபதலைவர்

ஊரார் கதை உனக்கு எதற்கு? சொல்லாவிட்டால் விடவும் மாட்டாய். சரி, கேள்.

லண்டனில் அப்டன் பார்க் போகிற பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தங்கள் ஊர்ச்சங்கத் தலைவர் தேர்தலில் நிற்கிறவர். மற்றவர் அவருடைய கூட்டாளி.

"அண்ணை, நீங்கள் ஊரிலை கிழக்குப் பக்கம். உபதலைவருக்கு மேற்கிலை ஒராளைப் போடாட்டி, போனமுறை மாதிரித் தோத்துப்போவியள்."

"ஆரைப் போடுறது? செல்வம் மைக்கைப் பிடிச்சால் விடான்."

"குகன்?"

"அவன் வந்தால் என்ரை கதிரையிலையே இருந்திடுவான்."

"அப்ப உங்கடை மனுசி? அவ மேற்குப் பக்கம்தானே."

வேட்பாளர் போனை ஸ்பீக்கரில் போட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"இஞ்சரும், என்னோடை உபதலைவரா நிக்கிறீரோ?"

"ஏலாதப்பா. உங்களை எதிர்த்து நிக்கிறவருக்கு நேற்றே ஓம் எண்டிட்டன்."

"என்னட்டை ஒரு சொல் கேட்டிருக்கலாமே?"

"அவர் வீட்டை வந்து, இருந்து, மரியாதையாக் கேட்டவர். நீங்கள் பஸ்ஸிலை இருந்து கேக்கிறியள்."

கூட்டாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் காதில் ஒன்றும் விழவில்லை என்றுதான் அயல்வீட்டாரிடம் சொன்னேன். அந்த மனுசி வெல்லுவா என்று மட்டும் சொல்லி வைத்தேன்.