பால்கனியில் வைத்த பெட்டி

யாரையும் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது சார். நீங்கள் கேட்க, நான் மழுப்ப, நீங்கள் மறுபடி கேட்க என்று இழுத்தடிக்க வேண்டாம். நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் நாற்காலியை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். இப்போது வெளியே போய்விட்டு வந்தீர்களே, சட்டையில் அந்த வாசனை இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. நுரையீரல் வார்டிலேயே காலம் தள்ளியவளுக்கு மூக்கு அப்படிப் பழகிவிட்டது.

அந்த வார்டின் தலைமை நர்ஸ் நான். அரசு ஆஸ்பத்திரி, வருகிறவரை இல்லை என்று அனுப்ப முடியாது. ஆனால் சுவரில் ஆக்ஸிஜன் குழாய் வைத்த படுக்கைகள் கொஞ்சம்தான். ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் படுக்கலாம். மற்றவர்கள் நடைபாதையில் தள்ளுவண்டியில் கிடந்து, கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை நீங்கள் பார்த்திருந்தால் பாதி விஷயம் சொல்லாமலே விளங்கியிருக்கும்.

என் தம்பியும் அப்படித்தான் கிடந்தான். ஓடு செய்யும் ஆலையில் வேலை. பள்ளிக்கூடம் விட்ட கையோடு போனவன். அந்தத் தூசி நெஞ்சில் கல்லாக இறுகிவிட்டது. ஒரு சிகரெட் தொட்டதில்லை. தேநீர்க் கடையில் பக்கத்து ஆள் பற்றவைத்தால்கூட எழுந்து போய்விடுவான். அவன் நடைபாதையில் கிடந்தபோது உள்ளே படுக்கையில் இருந்தவர் நகம் மஞ்சளாகிப்போன ஒரு மனிதர். இரண்டு முறை குணமாகி வீட்டுக்குப் போய், இரண்டு முறையும் ஊதித் தள்ளிவிட்டுத் திரும்பி வந்தவர். நானே அவருக்குத் தலையணையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் தம்பியின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள்.

இதைப் பழிவாங்கல் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அவன் காரியம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பினேன். அந்த மஞ்சள் நகக்காரருக்கு மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தேன்.

எங்கள் வார்டுக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்திருந்தார். குள்ளமாக இருப்பதால் குட்டி டாக்டர் என்போம். ஒரு கூட்டத்தில் அவரிடம் கேட்டேன். வேண்டுமென்றே உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களும் ஒன்றும் அறியாதவர்களும் ஒரே வரிசையில் நிற்பது நியாயமா என்று. மற்றவர்கள் குனிந்துகொண்டார்கள். அவர் மட்டும் சிரித்தார்.

"அப்போ இனிப்பு சாப்பிட்ட சர்க்கரைக்காரரை என்ன பண்றது? வேகமா வண்டி ஓட்டி விழுந்தவனை? எல்லாரையும் வாசல்ல நிறுத்தி, நீ ஒழுங்கா வாழ்ந்தியான்னு கேட்கணுமா? நாம வைத்தியம் பாக்குறவங்க சிஸ்டர். தீர்ப்பு சொல்றவங்க இல்ல."

"தெரிஞ்சே தப்பு பண்றவங்களைப் பத்தித்தான் சொல்றேன் டாக்டர்."

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "உங்க தம்பியைக்கூட யாராவது கேட்டிருக்கலாம். தூசின்னு தெரியுதே, ஏன் வேலையை விடலன்னு. நாம யாரும் கேட்கலையே."

அன்பாகத்தான் சொன்னார். என் தோளில் கைகூட வைத்தார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். நான் பிடிவாதக்காரி இல்லை. பழைய தப்புக்காக யாரையும் தண்டிக்கக் கூடாது, சரி. இப்போது திருந்திவிட்டாரா என்று பார்க்கலாம் அல்லவா? எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு விதி உண்டு. ஆக்ஸிஜன் இருக்கும் இடம்; ஒரு பொறி போதும், மாடியே பற்றிக்கொள்ளும். அதனால் உள்ளே புகைத்துப் பிடிபட்டால் அன்றே வீட்டுக்கு. விதியை நான் போடவில்லை. வார்டுக்குப் பின்னால் காற்று வாங்க ஒரு பால்கனி, அதில் ஒரு பெஞ்சு. அந்தப் பெஞ்சில் ஒரு சிகரெட் பெட்டியும் லைட்டரும் வைத்தேன். அவ்வளவுதான். யார் வாயிலும் நான் திணிக்கவில்லை.

முதலில் மாட்டியவர் டாக்ஸி ஓட்டியவர். மூக்குக் குழாயைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, சாமி கும்பிடுகிறவர் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தார். நான் காவலாளியைக் கூப்பிட்டேன். சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சில நாள் கழித்து அவர் மனைவி வந்தாள். மிச்சம் இருந்த மருந்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள், வேறு யாருக்காவது ஆகட்டும் என்று. அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவருக்குப் பிறகு இன்னும் சிலர் போனார்கள். காலியான படுக்கைகளில் நடைபாதையில் கிடந்தவர்களைப் படுக்கவைத்தேன். எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

பிறகு கிரேன்காரர் வந்தார்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். நெடுநெடுவென்று உயரம்; கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வந்த அன்றே என்னைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

"கப்பல் சரக்கையே தூக்கின ஆளு தங்கச்சி. இப்போ ஒரு டம்ளரைத் தூக்க மூச்சு வாங்குது. கிரேனுக்கே கிரேன் வேணும்போல."

வார்டே சிரித்தது. இருமிக்கொண்டே சிரித்தார்கள்.

எத்தனை வருஷம் புகைத்தீர்கள் என்று கேட்டேன். ஒளிக்கவில்லை. "வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து. மேல அந்தக் கூண்டுல காலையில ஏறினா சாயங்காலம்தான் எறக்கம். பேச்சுத்துணைக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு."

பக்கத்தில் இருந்த மகள் குறுக்கிட்டாள். "இப்போ விட்டுட்டார் சிஸ்டர். என் பொண்ணு பிறந்தப்போ, வாயில அந்த நாத்தத்தோட குழந்தையைத் தூக்கக் கூடாதுன்னு சொன்னேன். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார். மறுநாள் வந்து கையை நீட்டினார், விட்டுட்டேன் குடும்மான்னு. அதுக்கப்புறம் தொடவே இல்ல."

எல்லா மகள்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

அவர் தினமும் பால்கனிக்குப் போவார். பெட்டி பெஞ்சில் இருக்கும். அவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன். ஒரு முறை அதைக் கையில் எடுத்தார். நான் கதவில் கை வைத்தேன். மூடியைத் திறந்தார், முகர்ந்தார். மூடினார். அவர் எழுந்ததும் நான் விலகி என் மேசைக்குப் போய்விட்டேன். சுவரைப் பிடித்துப் பிடித்து அங்கே வந்தார். அந்தத் தூரத்துக்கே அவர் உதடு நீலம் பாரித்துவிட்டது.

"தங்கச்சி, யாரோ இதை அங்கே விட்டுட்டுப் போயிருக்காங்க. தூக்கிப் போட்டுடு. இங்க இருக்கிறவனெல்லாம் பாவம், கண்ணுல பட்டா தாங்க மாட்டான்."

வாங்கிக்கொண்டேன். நன்றி என்றுகூடச் சொன்னேன். அவர் திரும்பிப் போகும்போது முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை நடைபாதையில் ஒரு டீச்சர் வந்து கிடந்தாள். சின்ன வயது. புகை, குடி எதுவும் இல்லாதவள். தள்ளுவண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தாள். அவளுக்காகத்தான் செய்தேன் என்று நேற்று குட்டி டாக்டரிடம் சொன்னேன். உங்களிடமும் அதையே சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீங்கள் விசாரித்துவிடுவீர்கள். மதியத்துக்கு முன்பே அவளுக்கு மேல்மாடியில் படுக்கை கிடைத்துவிட்டது. எனக்குத் தெரியும். விரிப்பை மாற்றி அனுப்பியதே நான்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு வார்டு அசந்து கிடந்தது. கிரேன்காரரின் மகளை மருந்து வாங்கி வரக் கீழே அனுப்பினேன். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டேன். சத்தம் கேட்டு அவர் விழித்துக்கொண்டார்.

"என்ன தங்கச்சி?"

"குழாயைச் சரி பண்றேன். நீங்க கண்ணை மூடிக்கோங்க."

மூடிக்கொண்டார். சொன்னதைக் கேட்கிற மனிதர்தான். முதலில் அலாரத்தை நிறுத்தினேன். பிறகு சுவரில் இருந்த ஆக்ஸிஜன் குமிழை மூடினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார். கிரேன்காரர் கை, இரும்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். விரல்களை ஒவ்வொன்றாக விலக்க எனக்குச் சிரமமே இல்லை. அப்புறம் அந்தக் கையை என் கைக்குள் வைத்துக்கொண்டேன், முடியும்வரை. யாராவது எட்டிப் பார்த்திருந்தால் ஆறுதல் சொல்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

குட்டி டாக்டர் திரையை விலக்கி வந்ததும் குமிழைத்தான் பார்த்தார். அதைத் திருப்பி வைக்க நான் மறந்துவிட்டதாக நீங்கள் நினைக்கிறீர்கள். மறக்கவில்லை. தேவை என்று தோன்றவில்லை. யார் மூடினது என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மகள் மருந்துப் பையோடு வந்தபோது விஷயம் தெரியாமல் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். கடைசி நேரத்தில் அப்பா பக்கத்தில் நீங்களாவது இருந்தீர்களே என்றாள். முதுகைத் தடவிக்கொடுத்தேன். அந்தப் படுக்கையில் இன்னும் யாரும் படுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். உங்கள் போலீஸ்காரர்கள் கயிறு கட்டியிருக்கிறார்களாமே.

திருந்திய ஒருவரை ஏன் என்று நீங்கள் கேட்க வாயெடுப்பது தெரிகிறது. எல்லாருக்கும் கொடுத்த வாய்ப்பைத்தான் அவருக்கும் கொடுத்தேன் சார். மற்றவர்கள் எடுத்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். இவரும் ஒன்றே ஒன்றை எடுத்துப் பற்றவைத்திருந்தால், அன்று சாயங்காலமே மகளோடு உயிரோடு கிளம்பியிருப்பார். எடுக்காதது அவராகச் செய்த முடிவு. அதற்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?