மைனஸ் எட்டில் பாதி

தலைவர் அவர்களே, செயலாளர் தம்பி, குடியிருப்பு மக்களே… பேச வேண்டியதைத் தாளில் எழுதி வந்திருக்கிறேன். போன ஆடியில்தான் எழுதக் கற்றேன். வரி மேலே ஏறிக் கீழே இறங்குகிறது. நடுவில் நின்றால், என் எழுத்தை நானே தேடுகிறேன் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தண்ணீர் சுத்தம் என்று செயலாளர் ஓர் அறிக்கை வாசித்தார். எல்லோரும் கை தட்டினோம். அந்தக் கைதட்டல் ஓய்ந்ததும் ஒரு சின்னக் கதைக்குக் காது கொடுங்கள். என் மகள் செண்பகம் வேலை பார்க்கும் இடத்தில் நடந்தது.

கம்ப்யூட்டருக்கு மூளை செய்கிற கம்பெனி அது. சிப் என்பார்கள். நிஜ சிப்பைச் செய்யுமுன், அதைப்போலவே கணக்குப் போடும் ஒரு புரோகிராமைச் செய்து பார்ப்பார்கள். அதற்குச் சிமுலேட்டர் என்று பெயர். அதை எழுதுவது யார்? மனிதனா? இல்லை. சிப் என்னென்ன செய்யும் என்று ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தால், ஓர் இயந்திரம் அதைப் படித்துச் சிமுலேட்டரை எழுதிவிடும். அதோடு விட்டதா? அதே குறிப்பைப் பார்த்துப் பரீட்சைக் கேள்வியும் அதுவே எழுதும்… விடையும் அதுவே எழுதும்… திருத்துவதும் அதுவே. நூற்றுக்கு நூறு. எல்லாம் பச்சை விளக்கு.

ஒரு நாள், அந்தச் சிப்பை வாங்கப்போகிற, ஐஸ்கிரீம் கிடங்குக்குக் குளிர் அளக்கும் கருவி செய்கிறவர்கள் போன் செய்தார்கள். உங்கள் சிமுலேட்டரில் மைனஸ் எட்டைப் பாதியாக்கினால் இருநூறு கோடிக்கு மேல் வருகிறதே என்றார்கள். ஐஸ்கிரீம் என்ன ஆகும்?

செண்பகத்தின் மேலதிகாரி நம்பிராஜனுக்குக் கோபம். நம் சோதனை எல்லாம் பச்சை, தப்பு அவர்களுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப அவளிடம் சொன்னார். மறுநாள் சிப் தயாரிப்புக்குப் போகிறது. போனால் போனதுதான். தப்பாக வந்தால் கையெழுத்துப் போட்டவள் தலைதான் உருளும்.

அவள் இயந்திரம் எழுதியதைத் துருவினாள். குறிப்பில் சொன்னபடியே இருந்தது. விடைத்தாளைப் பார்த்தாள். அதுவும் குறிப்பில் சொன்னபடியே. கடைசியில், கம்பெனி முன்பு விற்ற பழைய சிப் ஒன்றை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து, அதே கணக்கைக் கொடுத்தாள். மைனஸ் நாலு என்றது.

"அது பழசும்மா. கெட்டுப் போயிருக்கும்" என்றார் நம்பிராஜன்.

"சரி சார், நீங்களே சொல்லுங்க. மைனஸ் எட்டுல பாதி எவ்வளவு?"

அவர் என்ன செய்தார் தெரியுமா?… சிமுலேட்டர் பக்கம் திரும்பினார்.

"அதைக் கேக்காதீங்க சார். உங்களைக் கேட்டேன்."

திரையை விட்டு அவள் பக்கம் திரும்பி, "மைனஸ் நாலு" என்றார்.

தயாரிப்பை நிறுத்தினார்கள். பாதியாக்கும்போது கழித்தல் குறியைக் காப்பாற்ற வேண்டும் என்று குறிப்பில் எழுத விட்டுப்போயிருந்தது. சிமுலேட்டரும் தப்பு, விடைத்தாளும் அதே தப்பு. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றை ஒன்று காட்டிக்கொடுக்குமா?

இப்போது நம் தண்ணீருக்கு வாருங்கள். நம் தொட்டியை நிரப்பும் லாரி யாருடையது? ஒப்பந்தக்காரர் சடகோபனுடையது. சோதனைக்குத் தண்ணீர் பிடித்தது யார்? அவர் டிரைவர். அறிக்கை கொடுத்த ஆய்வகம்? அவர் மச்சானுடையது. முடிவு?… பச்சை. பி பிளாக்கில் வீட்டுக்கு வீடு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. அந்தத் தாய்மாரைக் கேட்டோமா? நாமும் அறிக்கை பக்கம்தான் திரும்பினோம்.

செயலாளர் தம்பி, இது இன்று காலை பி பிளாக் குழாயில் நானே பிடித்த தண்ணீர். இதோ டம்ளர். குடித்துப் பார்த்துச் சுத்தமா என்று சொல்லுங்கள். அறிக்கையைப் பார்க்காதீர்கள் தம்பி, உங்களைக் கேட்கிறேன்…

தம்பி குடிக்கவில்லை. அவர் முன்னால் இருப்பது கடையில் வாங்கிய பாட்டில். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீதித் தண்ணீர் நாளைக்குச் சடகோபனைத் தெரியாத ஓர் ஆய்வகத்துக்குப் போகிறது. அடுத்த வாரம் முடிவு வந்ததும் அறிவிப்புப் பலகையில் என் கையாலேயே எழுதுவேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும், நின்று படியுங்கள். அதுவரை பிள்ளைகளுக்குக் கொதிக்க வைத்துக் கொடுங்கள்.