வெள்ளிக்கிழமையில் ஆட்டு ரத்தக்குழாய்

டக்சாயினி: இன்னும் அழுத்துங்கோ டொக்டர்... ஒழுகேல்ல!

பிரஷாந்தினி: பொறுங்கோ மிசி. இந்த ஆட்டுக் குழாய்க்குள்ள ஊசியால தண்ணி தள்ளித் தள்ளி என்ர பெருவிரல் கழருது.

டக்சாயினி: இது அதிர்வுக் கருவியால சுட்டு மூடினது, என்ன?

பிரஷாந்தினி: ஓம். மூடுறதும் வெட்டுறதும் ஒரே கையோட. நல்ல கெதி, நொடியில முடியும். ஆனா...

டக்சாயினி: ஐயோ, பீச்சிட்டுது! என்ர சட்டை!

பிரஷாந்தினி: குழாய் கொஞ்சம் தடிப்பு, அதுதான். இனிக் கரண்ட் கருவி. பீப் எண்டு சத்தம் வருமட்டும் பிடியை விடாதேங்கோ.

டக்சாயினி: வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஆட்டு ரத்தக்குழாய்! நீங்கள் விரதம், எனக்குத் தவக்காலம்.

பிரஷாந்தினி: தின்னேல்லைத்தானே! இறைச்சிக்கடைக்காரர் கேட்டவர், கறிக்கோ பிரட்டலுக்கோ எண்டு. கழுத்துக் குழாய் மட்டும் போதும் எண்டன். மனிசன் என்னை மேலும் கீழும் பாத்தார்.

டக்சாயினி: அமைச்சுக்கு ஒரு கடிதம் எழுத இவ்வளவு பாடோ?

பிரஷாந்தினி: ஆஸ்பத்திரிக்கு ரெண்டில எந்தக் கருவி வேணுமெண்டு கேட்டிருக்கினம். கண்ணை மூடிக்கொண்டு எழுதேலுமே?

டக்சாயினி: சத்தம் வந்திட்டுது! விடட்டோ?

பிரஷாந்தினி: ம்... இப்ப வெட்டுங்கோ. தண்ணி விடுறன்... பாருங்கோ, அசையுதே?

டக்சாயினி: ஒரு துளி இல்ல! டொக்டர்... ஒண்டு கேக்கட்டோ?

பிரஷாந்தினி: கேளுங்கோ.

டக்சாயினி: எங்கட முல்லைத்தீவுப் பக்கம் ஒரு அக்கா. கருப்பையில கட்டி. ஒப்பரேசன் செய்து எடுக்கவேணுமெண்டு வவுனியா டொக்டர் கடிதம் குடுத்து விட்டவர். ஒரு வருசமா ஒளிச்சு வச்சிருக்கிறா.

பிரஷாந்தினி: ஏனாம்?

டக்சாயினி: பயமாம். உள்ளுக்க ரத்தம் பெருகினா எண்டு...

பிரஷாந்தினி: ரத்தத்தைக் கண்டா மயங்கிற ஆளோ?

டக்சாயினி: சீ! மற்ற ஆக்களின்ர ரத்தமெண்டால் வாளியோட தூக்குவா. தன்ர எண்டாத்தான்...

பிரஷாந்தினி: விளங்குது, விளங்குது.

டக்சாயினி: சிரியாதேங்கோ! அவாவுக்கெண்டால் எதை எடுப்பியள்?

பிரஷாந்தினி: கருப்பைக்குப் போற குழாய், கட்டி இருந்தா இன்னும் தடிக்கும். கரண்ட் கருவிதான். மற்றது கெதி, ஆனா வெட்டின பிறகும் கருவியின்ர நுனி கொதிக்கும். பக்கத்தில குடலில பட்டால் கதை கந்தல்.

டக்சாயினி: உங்கட சொந்தத் தங்கச்சி எண்டாலும் இதுதானோ?

பிரஷாந்தினி: இதுதான். ஆனா தங்கச்சிக்கெண்டால் இன்னொண்டும் வேணும். ஒப்பரேசன் மேசையில நேர்ஸா நீங்கள்தான் எனக்குப் பக்கத்தில நிக்கவேணும்.

டக்சாயினி: அது... என்னால நிக்கேலாது டொக்டர்.

பிரஷாந்தினி: ஏன்? லீவோ?

டக்சாயினி: நான்... மேசையில எல்லோ படுத்திருப்பன்.

பிரஷாந்தினி: தெரியும் மிசி. நீங்கள் ஒளிச்சு வச்ச கடிதம் எனக்கு எழுதினதுதானே? அந்த வவுனியா டொக்டர் போன மாசம் போன் எடுத்துக் கேட்டவர், ஆள் வந்தவவோ எண்டு. திங்கள் காலமை முதல் இடம் உங்களுக்குத்தான் விட்டு வச்சிருக்கிறன். அமைச்சுக்குக் கடிதம் போட்டு ரெண்டு கிழமை ஆகுது... பின்ன, நான் விரதத்தோட இறைச்சிக்கடையில போய் நிண்டது ஆருக்காக எண்டு நினைச்சியள்?