அப்பன் என்று வந்தவன்

இந்தக் காலத்து ஆட்கள் செருப்பைக் கழற்றாமல் படகில் ஏறுகிறார்கள். சோறு போடுகிற பலகை, கழற்றிவிட்டு ஏறு என்றால் சிரிக்கிறார்கள். ஏறின உடனே போனை எடுத்துத் தங்கள் முகத்தையே படம் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளாகப் பழவேற்காடு ஏரிக்கு நடுவில் இருக்கிற பசியாவரத்தில் படகுதான். யாரையும் நம்பி ஒரு துடுப்பைக்கூடக் கரையில் விட்டுப் போனதில்லை. படிப்பு இரண்டாம் வகுப்பு. கையெழுத்துப் போடத் தெரியும். அதையும் எதிராளியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் போடுவேன்.

எளாவூர் சிவசங்கரும் செருப்போடுதான் ஏறினான். அதற்காக அவனை நான் ஒன்றும் செய்யவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

என் மகள் திரௌபதி எளாவூர்ப் பக்கம் ஒரு இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அங்கே வண்டி ஓட்டினவன் இவன். இரண்டு பேரும் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தார்கள். கல்யாணம் இல்லை. ஒரு பெண்குழந்தை பிறந்தது. குழந்தை தத்தி நடக்க ஆரம்பித்தபோது அவர்களுக்குள் ஏதோ சண்டை வந்து, திரௌபதி அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டாள். என்ன சண்டை என்று நான் கேட்கவில்லை. வந்தாளே, அது போதும். என் பெண்சாதி செத்த பிறகு அந்த வீட்டில் நான் ஒன்று சொன்னால் பதில் சொல்ல ஆள் இல்லை. திரௌபதி என்னை நைனா என்று கூப்பிடுவதைக் கேட்டுக் குழந்தையும் நைனா என்றே கூப்பிட்டது. நான் திருத்தவில்லை.

பிறகு அவன் வந்தான். குழந்தையைப் பார்க்க வேண்டுமாம். கரையிலேயே நிறுத்தி எங்கள் ஊர் முறையைச் சொன்னேன். ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டுப் பிரிப்போம். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணம் ஆனவனுக்குத்தான் பாடு. எவ்வளவு பெரிய வலைக்காரனாக இருந்தாலும், தாலி கட்டாதவனை நாங்கள் ஒரு குடும்பமாகக் கணக்கில் எடுப்பதில்லை. இறாலிலேயே பங்கு இல்லாதவனுக்குக் குழந்தையில் என்ன பங்கு என்று கேட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். நேராகக் கோர்ட்டுக்குப் போனான்.

நானும் ஒரு வக்கீலைப் பிடித்தேன். கல்யாணம் ஆகாமல் பிறந்த குழந்தைக்குத் தாய்தான் முதல் கார்டியன், அப்பன் அவளுக்குப் பிறகுதான் என்று அவர் சொன்னார். சட்டமும் எங்கள் ஊர் மாதிரியே இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். நாளைக்கே தாலி கட்டிவிட்டால் என்று கேட்டேன். அப்போது அவன்தான் முதல் ஆள் என்றார். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை. கேட்டு வைத்துக்கொண்டேன்.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு, என் வீட்டிலேயே வந்து குழந்தையைப் பார்க்கலாம் என்று தீர்ப்பாயிற்று. வந்தான். அவன் வாங்கி வரும் பிஸ்கட்டை முதலில் தெரு நாய்க்குப் போட்டுப் பார்ப்பேன். குழந்தையைத் தூக்குவான். தூக்குகிறவன் கொஞ்சுகிறானா, தூக்கிக்கொண்டு ஓட எடை பார்க்கிறானா என்று யார் கண்டது? எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஆந்திரா. அங்கே போய் யாரைக் கேட்பது? அதனால் அந்த ஞாயிறுகளில் நான் வலைக்குப் போகவில்லை. எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். திரௌபதி அன்றைக்கு மட்டும் தலைவாரிப் பூ வைத்திருப்பாள். அதையும் பார்த்தேன். துறையிலிருந்து கூட்டி வரும்போது படகு லேசாக ஆடினால் அவன் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொள்வான், நீச்சல் தெரியாது என்பதையும் பார்த்தேன்.

அன்றைக்கு ஞாயிறு இல்லை. பழவேற்காட்டில் டீசல் வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், படகுத் துறையில் நிற்கிறான். நானும் வருகிறேன் என்று ஏறி உட்கார்ந்தான். வேறு யாரும் இல்லை. கொஞ்ச தூரம் போனதும் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினான். தாலி.

"தை பொறந்ததும் ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கட்டிடலாம்னு இருக்கோம் மாமா," என்றான்.

"இருக்கோம்னா யாரு?"

"நானும் திரௌபதியும். எளாவூர்ல வீடு பாத்துட்டேன். பாப்பாவை அங்கியே ஸ்கூல்ல சேத்துடலாம். நீங்களும் எங்களோட வந்துடுங்க மாமா. தனியா இன்னா பண்ணுவீங்க."

மாமா என்கிறான். என்னையும் ஏன் கூப்பிடுகிறான் என்று யோசித்தேன். என் வீடு, படகு இரண்டையும் எழுதி வாங்கத்தான் இருக்கும். வேறு எதற்கு ஒருத்தன் மாமனாரைக் கூட வைத்துக்கொள்வேன் என்பான்?

படகை நேர் வழியிலிருந்து முகத்துவாரத்துப் பக்கம் ஒதுக்கினேன். சுற்றிப் போகிறோமே என்றான். அந்தப் பக்கம் வலை கட்டியிருக்கிறது என்றேன். முகத்துவாரத்தில் மணல் நகரும். ஒவ்வொரு மழைக்கும் ஆழம் இடம் மாறும். இந்த வருஷம் எங்கே பள்ளம் அறுத்திருக்கிறது என்பது ஏரிக்காரனுக்குத்தான் தெரியும். தண்ணீர் கடலுக்கு இறங்குகிற நேரம். அங்கே என்ஜினை அணைத்தேன்.

"மணல்ல தட்டுது. எறங்கித் தள்ளு."

அவன் சுற்றிலும் பார்த்தான். தூரத்தில் எங்கள் ஊர் எல்லம்மாவும் இன்னும் சில பெண்களும் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியூர் ஆட்கள் எல்லாரும் செய்கிற தப்பு இதுதான். ஒரு இடத்தில் ஆள் நிற்பதைப் பார்த்தால் ஏரி முழுக்க நிற்கலாம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

"அவங்கெல்லாம் நிக்கிறாங்களே, இடுப்பளவுதான இருக்கும் மாமா?"

"இடுப்பளவுதான்," என்றேன். அவர்கள் நின்ற இடத்தில் இடுப்பளவுதான். நான் பொய் சொல்லவில்லை.

பேன்ட்டை முழங்கால் வரைக்கும் மடித்துக்கொண்டு இறங்கினான்.

ஒரு முறை முழுகி எழுந்து பலகை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். மாமா, மாமா என்றான். நான் அடிக்கவில்லை. கழியால் குத்தவும் இல்லை. பேப்பரில் அப்படி யாரோ எழுதிவிட்டிருக்கிறார்கள், அது தப்பு. அவனுடைய விரல்களைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது. பிறகு என்ஜினைப் போட்டேன். சத்தத்தில் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பும்போது எல்லம்மா பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள். "இன்னாண்ணா, ஆளோட போனே, ஒத்தையா வர்றே?" இறங்கிப் போய்விட்டான் என்றேன். அதுவும் பொய் இல்லை. உடம்பு வலைக் கம்பில் சிக்கிய பிறகு அவள் போலீசிடம் சொல்லிவிட்டாள். சொல்வாள் என்று தெரியும். அவள் வாய் அப்படி.

போலீஸ் கேட்டபோது ஒன்றைத்தான் சொன்னேன். குழந்தையை எல்லை தாண்டிக் கொண்டுபோக வந்தான், தடுத்தேன். அவன் சட்டைப் பையில் தாலியும் டப்பாவும் இருந்ததே என்றார்கள். கடையில் யார் கேட்டாலும் தாலி கொடுப்பார்கள்.

போன வாரம் திரௌபதி மனுப் போட்டு ஜெயிலுக்கு என்னைப் பார்க்க வந்தாள். குழந்தையைக் கூட்டி வரவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். அப்புறம் சொன்னாள்.

"அன்னிக்கு அவரை நாந்தான் அனுப்புனேன் நைனா. எங்க நைனா சரின்னு சொன்னாத்தான் கழுத்தை நீட்டுவேன்னு சொன்னேன். உன்கிட்ட கேக்கத்தான் வந்தாரு."

யாரோ சொல்லிக் கொடுத்த பேச்சு. அவன் வீட்டு ஆட்களோ, வக்கீலோ. அவள் முகத்தை நன்றாகப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் கூட இல்லை. நிஜமாக இருந்தால் அழுதிருப்பாள்.

"பாப்பா தெனம் அப்பா எப்ப வரும்னு கேக்குது. நான் இன்னா சொல்லட்டும்?"

"எந்த அப்பா?" என்றேன்.

நேரம் இன்னும் மிச்சம் இருந்தது. வார்டர்கூட ஏன் பெரியவரே என்றார். நான் திரும்பி உள்ளே நடந்தேன். ஒரு குழந்தைக்கு அப்பன் இல்லாமல் பண்ணிவிட்டேன் என்கிறார்கள். பண்ணுவதற்கு முதலில் ஒரு அப்பன் இருந்திருக்க வேண்டும் இல்லையா?