நான்காவது நாலணா

இன்ஸ்பெக்டர் ஐயா, நாட்டின் எதிர்காலத்தையே தீர்மானிக்கக்கூடிய ஒரு பேருண்மையை முதலில் அறிவித்துவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: ஒரு ரூபாய்க்கு நான்கு நாலணா.

சிரிக்காதீர்கள். எங்கள் கட்சியின் ஆண்டுச் சந்தா ஒரு ரூபாய். அதில் முதல் நாலணா டில்லிக்கு, இரண்டாவது புதுச்சேரி மாநிலக் கமிட்டிக்கு, மூன்றாவது வில்லியனூர் கொம்யூன் கமிட்டிக்கு. மிச்சமுள்ள நாலணாதான் கிளைக்கு. உறுவையாறு கிளைச் செயலாளர் சிவப்பிரகாசம் என்றால் நான்தான். இந்த எழுபத்து நாலாம் வருடம், அகில இந்திய மாநாட்டுச் செலவு என்று சொல்லி அந்த நான்காவது நாலணாவையும் மேலே கேட்டார்கள். அப்புறம் கிளைக்கு என்ன மிஞ்சும் என்றேன். கொள்கை மிஞ்சும் என்றார்கள்.

ஆகவே சொந்தக் கட்சியை எதிர்த்துச் சாகும்வரை உண்ணாவிரதம் என்று தீர்மானம் போட்டோம். நானே உட்கார்ந்திருப்பேன். ஆனால் செயலாளர் படுத்துவிட்டால் அறிக்கை விட ஆள் வேண்டாமா? கரும்பு வெட்டும் பக்கிரி கையைத் தூக்கினான்.

"எனக்கு இன்னாண்ணா, வூட்டுலயும் இதான். இங்க மாலை வேற போடுறீங்க" என்றான். நல்ல தொண்டன். கொம்யூன் கமிட்டி வாசலில் ஒரு வியாழக்கிழமை பந்தல் போட்டு அவனை உட்கார வைத்தோம்.

உண்ணாவிரதத்தை அவரவர் இஷ்டத்துக்கு முடித்துக்கொள்ள முடியாது. பெரிய தலைவர் ஒருவர் தன் கையால் எலுமிச்சைச் சாறு கொடுக்க வேண்டும், அதைப் போட்டோ எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் பட்டினி. எங்கள் மாநிலத் தலைவர் எந்த நேரமும் வரலாம் என்பதால் தினமும் சாயங்காலம் சாறு பிழிந்து வைத்தேன். அவர் வரவில்லை. வீணாக்கக் கூடாதென்று நானே குடித்தேன். நல்ல வெயில்.

திங்கட்கிழமை பஸ் பிடித்துப் புதுச்சேரி போய், மாநிலப் பொருளாளர் மரியசுந்தரத்தைப் பார்த்தேன். தலைவர் டில்லி போயிருக்கிறார், சனிக்கிழமைதான் திரும்புவார் என்றார். சனிக்கிழமை வரை காத்திருப்பதென்று அங்கேயே முடிவெடுத்தேன்.

மறுநாள் பக்கிரி படுத்துவிட்டான். "மேல இன்னாண்ணா சொன்னாங்க?" என்று கேட்டான். பேச்சுவார்த்தை நடக்கிறது என்றேன்.

"சீக்கிரம் பேசச் சொல்லு. காக்கா ரெண்டு என்னியே பாத்துக்கினு கீது."

அவன் பெண்டாட்டி மணியம்மாள் கஞ்சித் தூக்கோடு வந்தாள். தடுத்தேன். சம்சாரம் கையால் கஞ்சி குடித்தால் போராட்டம் வீட்டுச் சாப்பாடாகிவிடும் என்பதைப் பொறுமையாக விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தாள்.

"எந்த நாலணாய்யா அது? இந்தா, நான் தர்றேன். ஆள வுட்டுடு."

பக்கிரி கண்ணைத் திறக்காமலே, "அடியே, அது கட்சி நாலணாடி. உன் நாலணாவுக்குக் கொள்கை கெடையாது" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் காசை நன்கொடையாக ஏற்றுக்கொண்டேன். விதிப்படி அதையும் நான்காகப் பிரிக்க வேண்டும். ஆளுக்கு ஆறேகால் பைசா. கால் பைசாவை எப்படி அனுப்புவதென்று மேலிடம் இன்னும் முடிவு சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை விடியும்போது பக்கிரி இறந்துபோனான்.

தலைவர் சொன்னபடி சனிக்கிழமை வந்தார். வாக்குத் தவறாதவர். பாடைக்குப் பக்கத்தில் மைக் வைத்து முக்கால் மணி நேரம் பேசினார். இனி நான்காவது நாலணா கிளைக்கே சொந்தம், இது தியாகி பக்கிரி ரத்தம் சிந்திப் பெற்ற வெற்றி என்று அறிவித்தார். ரத்தம் ஒன்றும் சிந்தவில்லை, நான் திருத்தவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். மணியம்மாள் தட்டவில்லை, அவளுக்கு அரசியல் பழக்கமில்லை. இல்லாவிட்டால் என்மேல் உங்களிடம் புகார் கொடுத்திருப்பாளா?

நான் கொலைகாரன் இல்லை ஐயா. வெற்றியென்றால் அதைத் தலைவர் கையால் வாங்கவேண்டும், அதுதான் பக்கிரிக்கு மரியாதை என்று நினைத்தவன். பொருளாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பல் குத்திக்கொண்டே கொடுப்பதெல்லாம் வெற்றியாகுமா?

கேட்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன். மரியசுந்தரம் திங்கட்கிழமை சொன்னது முழுவதும் இதுதான்: "தலைவரு சனிக்கிழமதான் வருவாரு. அதுக்கோசரம் அந்தாள பட்டினி போடாத. உங்க நாலணாவ நீங்களே வச்சிக்குங்க, போயி பந்தலப் பிரிப்பா."

பக்கிரியிடம் நான் அதைச் சொல்லவில்லை.